மூன்று மாமன்களும் ஒரு சோலார் ஹீட்டரும்

தேரிக்காட்டுச் செம்மண் ஓரத்தில் ஆலடிவிளை என்று ஓர் ஊர். அங்கே சித்திரைவேல், கொம்பையா, தவசிக்கனி என்று மூன்று அண்ணன் தம்பிகள் முருங்கைத் தோட்டம் போட்டுப் பிழைத்துவந்தார்கள். மூன்று பேருக்கும் நல்ல மனசு, நல்ல உடம்பு. மூன்றாவதாக ஒன்று வேண்டுமே, அதைக் கொடுக்கிற நேரத்தில் ஆண்டவனுக்கு வேறு ஏதோ வேலை வந்துவிட்டது.

அவர்களுக்கு ஒரே தங்கச்சி, பேச்சித்தாய். சித்திரைக் கடைசியில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளையோடு அண்ணன்மார் வீட்டுக்குத்தான் வருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மாமியார் உலகம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

“அது வீடா, அடுப்பா? ஃபேன் சுத்தும்போது அதுல எத்தனை இறக்கைன்னு எண்ணிப்புடலாம். வெந்நி வைக்க விறகை மூட்டினா வீடு பூராவும் புகை. நானே கூட வந்து பார்ப்பேன். வீடு குளுகுளுன்னு இருக்கணும், புகையில்லாம வெந்நி கிடைக்கணும். இல்லேன்னா வந்த காரிலேயே பேரனைத் தூக்கிட்டுத் திரும்பிருவேன்.”

சேதி கேட்ட அண்ணன்மார் மூவரும் கண் கலங்கிவிட்டார்கள். உடனே பக்கத்து ஊர் தேவஇரக்கத்தைப் போய்ப் பார்த்தார்கள். அவர் சோலார் ஹீட்டர் மாட்டுகிறவர். நல்ல மனுஷர். மறுநாளே ஹீட்டரை வண்டியில் கொண்டுவந்து மொட்டைமாடியில் ஏற்றிவைத்தார். ஆனால் அவர் ஊர்க் கோயிலில் அசன விழா, ஊருக்கே பந்தி போட்டுச் சாப்பாடு. அவசரமாகத் திரும்ப வேண்டும்.

“அண்ணாச்சி, கேட்டுக்கிடுங்க. நாலு நாள்ல வந்து மத்ததைப் பார்க்கேன். அதுக்குள்ள மாடித் தரைக்கு வெள்ளை அடிங்க. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிரும், வீடு குளிரும். காயிற வரைக்கும் அதுல யாரும் கால் வைக்கக்கூடாது. சன்னல்ல வெட்டிவேர்த் தட்டி கட்டி, தண்ணி தெளிங்க. காத்து அது வழியாத்தான் வரணும். ஹீட்டரைத் தெற்கே பார்த்து வைங்க. தகடு மேல நிழல் படக்கூடாது. தொட்டியில தண்ணியை நிரப்பிட்டா வெயிலே சுட வச்சிரும். கரண்டும் வேண்டாம், விறகும் வேண்டாம்.”

மூவரும் அதை வேத வாக்காக மனப்பாடம் செய்தார்கள். கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் வெள்ளை. மாடிப்படி வாசலில் தொடங்கி, பின்பக்கமாகவே நகர்ந்து, ஒரு பொட்டு விடாமல் அடித்துப் பார்த்தால், மூன்று பேரும் எதிர்மூலையில் கைப்பிடிச் சுவரோரம் நிற்கிறார்கள். படிக்கும் அவர்களுக்கும் நடுவே பாலாறு மாதிரி ஈர வெள்ளை.

“இப்ப எப்படிப் போறது?” என்றான் கொம்பையா.

சித்திரைவேல் யோசித்தான். மூத்தவன் என்பதால் யோசிப்பது எப்போதும் அவன் பொறுப்பு. “கால் வைக்கக்கூடாதுன்னு சொன்னாரு. கை வைக்கக்கூடாதுன்னு சொன்னாரா?”

“சொல்லலையே!”

கால்களை வானத்தில் தூக்கிக்கொண்டு மூவரும் கையால் நடந்தார்கள். பாதி வழியில் தவசிக்கனி குப்புற விழுந்தான். அவனைப் பிடிக்கப்போய் மற்ற இருவரும் விழுந்தார்கள். படிக்கு வந்து சேர்ந்தபோது மாடியில் பாதி வெள்ளை அவர்கள் மேல் இருந்தது. ஆனாலும் ஒரு கால்தடம்கூட இல்லை. விழுந்த இடத்துக்கெல்லாம் மறுபடி வெள்ளை பூசினார்கள், இந்தத் தடவை படியை நோக்கிப் பின்னால் நகர்ந்தபடி.

மறுநாள் ஹீட்டர். “தெற்கே பார்த்து வைக்கணும்” என்று சித்திரைவேல் நினைவூட்டினான். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, தெற்கே தெரிந்த பனங்காட்டை இமைக்காமல் பார்த்தார்கள். பார்த்தபடியே நடந்து, பார்த்தபடியே இறக்கினார்கள். கொம்பையாவின் கட்டைவிரல் அடியில் மாட்டிக்கொண்டது. குனிந்து பார்க்க வழியில்லையே! “விரலைப் பொறுத்துக்கோ, பனங்காட்டைப் பாரு” என்றான் அண்ணன். ஹீட்டர் வடக்கு நோக்கி, பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தது.

தொட்டியில் தண்ணீர் நிரப்பினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா தலைக்கு மேலே பறந்தது. அதன் நிழல் தகட்டில் விழுந்து, ஓடி மறைந்தது.

“நிழல் பட்டுருச்சே!” என்று தவசிக்கனி அலறினான்.

“காக்கா கருப்பு. நிழலும் கெட்டியாத்தான் இருக்கும்” என்றான் கொம்பையா கவலையோடு. “காக்காவைப் பிடிச்சுக் கட்டிப் போட்டா?”

“ஊர்ல எத்தனை காக்கா! அதெல்லாம் ஆகாது. மேலே ஒரு பெரிய குடையை விரிச்சு வச்சா, காக்கா நிழல் குடை மேலதானே விழும்? தகட்டுல எப்படி விழும்?”

“அண்ணே, குடைக்கு நிழல் கிடையாதா?” என்று கேட்டான் கடைக்குட்டி.

சித்திரைவேல் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். “நிழல் தராத குடை உலகத்துல உண்டாலே? அது நம்ம குடை, நம்ம வீட்டு நிழல். அந்நிய நிழல்தான் கெடுதல்.”

சந்தைக் கடைக்காரரிடம் கேட்டு, நாலு பேர் நிற்கலாம் போல ஒரு குடையைக் கொண்டுவந்து ஹீட்டருக்கு மேலே கட்டினார்கள். அதற்குப் பிறகு எந்தக் காக்காவின் நிழலும் படவில்லை.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. பேச்சித்தாய் பிள்ளையோடு இறங்கினாள். பின்னால் உலகம்மாள், முகத்தை ஏழு முழத்துக்கு வைத்துக்கொண்டு.

வாசலில் தவசிக்கனி விளக்குமாற்றோடு நின்று, ஆளில்லாத இடத்தை விரட்டிக்கொண்டிருந்தான்.

“யாரை விரட்டுதே தம்பி?”

“காத்தை, அத்தை. வாசல் வழியா நுழையப் பார்க்குது. தட்டி வழியாத்தான் வரணுமாம்.”

உலகம்மாள் காரைப் போகவிடாமல் நிறுத்தச் சொன்னாள். ஆனால் உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாடியில் வெள்ளை, சன்னலில் ஈர வெட்டிவேர். வீடு நிஜமாகவே குளிர்ந்து மணத்தது. அழுதுகொண்டு வந்த பிள்ளை தொட்டிலில் போட்டதும் தூங்கிவிட்டது.

“சரி, வெந்நி எங்கே?”

கொம்பையா பெருமையோடு ஒரு வாளி பிடித்துவந்தான். உலகம்மாள் விரலை விட்டாள். கிணற்றுத் தண்ணீரே தேவலை.

“பேச்சி, பிள்ளையைத் தூக்கு. கிளம்புவோம்.”

மூன்று மாமன்களும் கதவில் சாய்ந்து விசும்பினார்கள். பேச்சித்தாய்க்கு அண்ணன்மாரைத் தெரியும். நேரே மாடியேறிப் பார்த்தாள். குடையையும் பார்த்தாள், கோழிக்கூட்டையும் பார்த்தாள். இறங்கி வந்து, “அத்தை, சாயங்காலம் மூணு மணி வரைக்கும் பொறுங்க. பிள்ளை தூங்கத்தானே செய்யுது?” என்றாள்.

நல்லவேளை, தேவஇரக்கமும் அப்போதே வந்து சேர்ந்தார். ஹீட்டரைப் பார்த்து ஒரு நிமிஷம் தலையில் கை வைத்தார். பிறகு குடையைக் கழற்றி, தகட்டைத் தெற்கே திருப்பிவிட்டார். தேரிக்காட்டு வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்! மூன்று மணிக்குத் தண்ணீர் ஆவி பறந்தது.

“நல்லா சுடுதான்னு பார்த்துட்டுக் கொண்டாங்க” என்று உலகம்மாள் குரல் கொடுத்தாள்.

சித்திரைவேல் ஒரு வாளி பிடித்து விரலை விட்டுப் பார்த்தான். சுட்டது. கீழே ஊற்றினான்.

“இந்த வாளி சுடுது. அடுத்த வாளி சுடுமான்னு எப்படித் தெரியும்?” என்றான் கொம்பையா. நியாயம்தானே? அடுத்ததையும் பிடித்தார்கள். அதுவும் சுட்டது; அதையும் ஊற்றினார்கள். இப்படி ஏழெட்டு வாளி பரீட்சையில் தேறி முற்றத்தில் ஓடியபோது, வெந்நீர் காலில் பட்டுத் துள்ளிக்கொண்டு பேச்சித்தாய் ஓடிவந்தாள். கடைசி வாளியைத் தவசிக்கனி கையிலிருந்து பிடுங்கினாள்.

அந்த ஒரு வாளி போதுமானதாக இருந்தது. உலகம்மாள் பச்சைத் தண்ணீர் கலந்து, பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். பிள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவள் வாசலுக்கு வந்து, “காரு போகட்டும். நானும் ஒரு மாசம் இருந்துட்டுத்தான் வாரேன்” என்றாள். மூன்று மாமன்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

புறப்படும்போது தேவஇரக்கம் ஓர் அட்டையைக் கொடுத்தார். “அஞ்சு வருஷ வாரண்டி, அண்ணாச்சி. எந்தப் பாகம் போனாலும் புதுசு மாத்தித் தருவேன்.”

பொழுது சாயும் நேரம். மூவரும் முதல்முறையாகத் தங்கள் ஹீட்டரின் அருமையை உணர்ந்து மாடியில் நின்று ரசித்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூரியன் சிவந்து, சரிந்து, புளியந்தோப்புக்குப் பின்னால் போய்விட்டது.

அட்டையைத் தூக்கிக்கொண்டு மூவரும் தேவஇரக்கம் வீட்டுக்கு ஒரே ஓட்டம்.

“அண்ணாச்சி, மோசம் போயிட்டோம்! ஹீட்டரைச் சுட வைக்கிற முக்கியமான பாகம் கழண்டு விழுந்துட்டு! நல்லவேளை, எங்கே விழுந்ததுன்னு அடையாளம் பார்த்து வச்சிருக்கோம்.”

விஷயம் புரிந்ததும் தேவஇரக்கம் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று நாள் அசனப் பந்தியில் பரிமாறிக் களைத்த மனுஷர். “காலையில வந்துரும், போங்க” என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் மூவரும் மாடியில் ஆஜர். சொன்னபடியே வந்திருந்தது. புத்தம்புதுசாகத் தகதகவென்று மின்னியது.

“சொன்ன சொல் மாறாத மனுஷன்” என்றான் கொம்பையா. “ஆனா அண்ணே, பாருங்க. மேற்கேல்லா விழுந்தது? அவசரத்துல கிழக்கே மாட்டிட்டாரே!”

சித்திரைவேல் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். “அவசரப்படாதலே. நகருது, பாரு. தப்பு தெரிஞ்சு, அந்தப் பக்கமிருந்து மெதுவாத் தள்ளிக்கிட்டு வாராரு.”

“ஒத்த ஆளாவா? இந்த வயசுலயா?” என்று பதறினான் தவசிக்கனி.

மூன்று பேரும் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கை கொடுக்கலாமென்று வடக்கயிற்றோடு கிழக்கே கிளம்பினார்கள்.