ஜமீன்தாரைச் சோதித்த ஊசி

மருதங்குளம் ஜமீனில் ராணியம்மாளின் பட்டுச்சேலை காணாமல் போனது. பழி, துணி வெளுக்கும் செங்கமலத்தின் மேல் விழுந்தது.

ஜமீன்தார் முன்னிலையில் விசாரித்தவர் அரண்மனைச் சோதிடர். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு தையல் ஊசியை மிதக்கவிடுவார். பழி விழுந்தவர் தண்ணீரில் விரல் வைத்துப் பேச வேண்டும். பொய் சொன்னால் ஊசி மூழ்கிவிடுமாம். ஏற்கெனவே வேறு பழிகளில் சிக்கிய இரண்டு வேலைக்காரர்கள் பயத்தில் கை நடுங்கி ஊசியை மூழ்கடித்து, ஊரைவிட்டே துரத்தப்பட்டிருந்தார்கள்.

செங்கமலம் தினமும் பார்த்த விஷயம் ஒன்று உண்டு. துணியிலிருந்து விழும் ஊசி, சில சமயம் நல்ல தண்ணீரின் மேல் அப்படியே படுத்துக் கிடக்கும். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணி மாதிரி அதைத் தாங்கும். சோப்பு பட்டால் அந்தப் பிடி தளர்ந்து, ஊசி மூழ்கிவிடும். துணி துவைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அவளை அப்படியே அழைத்து வந்திருந்தார்கள். விரலில் சோப்பு காயவில்லை.

"சாமி, இந்த ஊசி யாரைப் பத்திக் கேட்டாலும் சரியாச் சொல்லுமா?"

"தெய்வ ஊசி. தப்பவே தப்பாது" என்றார் சோதிடர்.

"அப்போ முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச உண்மையைச் சொல்லிப் பாக்குறேன்." விரலை மெல்லத் தண்ணீரில் வைத்தாள். "நம்ம எஜமான் இதுவரைக்கும் யாருக்கும் அநியாயம் பண்ணினதில்லை."

ஊசி மூழ்கியது.

ஜமீன்தார் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி பொய் சொல்லுது" என்றார் கடைசியில்.

"எனக்கும் அப்படித்தான் தோணுதுங்க எஜமான். போன ரெண்டு பேர் விஷயத்துலயும் இதே ஊசிதானுங்களே?"

"அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. நீயும் போய் வேலையைப் பாரு."

சோதிடர் மட்டும் விடவில்லை. "வேற ஊசி போட்டு இன்னொரு தரம் பார்க்கலாமா, எஜமான்?"

"வேண்டாம்" என்றார் ஜமீன்தார், அவசரமாக.