மாரப்பனின் போன வருஷச் சம்பளம்

“எனக்கு முன்னாடி இருந்த தண்டபாணி போன வருஷம் ஆயிரம் கிரைண்டர் வித்தாரு. அஞ்சு லட்சம் லாபம். நான் ஆயிரத்து ஐநூறு வித்தேன். ஏழரை லட்சம் நஷ்டம். இது எந்த ஊர் நியாயமுங்க சார்?”

கேட்டவர் துளசிமணி. கோவையில் ஒரு கிரைண்டர் கம்பெனியின் மேனேஜர். வயது நாற்பத்தொன்பது.

கேட்கப்பட்டவர் நஜீர். உக்கடத்தில் மாலை வகுப்பில் அடக்கவிலைக் கணக்கு சொல்லித்தருபவர். வயது முப்பத்தாறு. சிஷ்யை குருவை சார் என்பார். குரு சிஷ்யையை அக்கா என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

“விலையைக் குறைச்சீங்களாக்கா?”

“ஒத்த ரூபா குறைக்கலீங்க.”

“செலவு?”

“அதே கல்லு, அதே மோட்டாரு. வாடகை, மாசச் சம்பளம் எல்லாம் வருஷத்துக்கு அதே இருபது லட்சந்தான்.”

“தண்டபாணி எத்தனை செஞ்சார்?”

“ரெண்டாயிரம். விக்காத ஆயிரத்தைக் குடோன்ல அடுக்கிட்டு, நல்ல பேரோட வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. நான் அத்தனையும் வித்தேன். புதுசா ஐநூறுதான் செஞ்சேன். நாளைக்கு முதலாளி வரச் சொல்லியிருக்காரு. வேலையை விட்டு அனுப்பிருவாருங்க.”

நஜீர் கரும்பலகையை அழித்தார். ஏதோ எழுதப்போகிறார் என்று துளசிமணி நோட்டைத் திறந்தார்.

அவர் எழுதவில்லை. போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

“உங்க வாட்ச்மேன் பேரென்ன?”

“மாரப்பன்.”

“போன வருஷச் சம்பளத்தை எப்ப வாங்கினார்னு அவரைக் கேளுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

துளசிமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை போகப்போகிறவளிடம் விடுகதையா போடுவது? பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். ஆனாலும் குரு சொல்லிவிட்டால் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் கேட்டார்.

“போன வருஷச் சம்பளமுங்களா?” என்றார் மாரப்பன். “அது போன வருஷமே வாங்கிச் செலவழிச்சாச்சுங்கம்மா.”

“இந்த வருஷம் அதை மறுபடி வாங்கலையே?”

“ஒரே சம்பளத்தை ரெண்டு தடவை எந்த மகராசனுங்க குடுப்பான்?”

துளசிமணி அப்படியே நின்றுவிட்டார். பிறகு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

முதலாளியின் மேசையில் வருஷக் கணக்கு விரிந்திருந்தது.

“ஏழரை லட்சம். என்னம்மா சொல்றீங்க?”

“போன வருஷச் செலவு பாதி என் கணக்குல இருக்குதுங்க.”

“அதெப்படி?”

“போன வருஷ வாடகை, சம்பளம் இருபது லட்சம். அதை ரெண்டாயிரம் கிரைண்டர் தலையில சமமாக் கட்டினோம். வித்த ஆயிரம் பத்து லட்சத்தைச் சுமந்துச்சு. விக்காத ஆயிரம் மீதிப் பத்து லட்சத்தோட குடோன்ல தூங்குச்சு. நான் அதை வித்தேன். அந்தப் பத்து லட்சமும் என் தலையில விழுந்துச்சு.”

“அப்படிக் கட்டாம இருந்தா?”

“அந்தந்த வருஷ வாடகை அந்தந்த வருஷத்தோட போயிருக்குமுங்க. தண்டபாணிக்கு அஞ்சு லட்சம் நஷ்டம். எனக்கு ரெண்டரை லட்சம் லாபம்.”

முதலாளி கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். இன்னொரு தடவையும் போட்டுப் பார்த்தார்.

“ரெண்டுல எதும்மா பொய்?”

“ரெண்டும் பொய்யில்லீங்க. ஆடிட்டர் கேக்கறது முதல் கணக்கு. கம்பெனி எப்படி நடக்குதுன்னு சொல்றது ரெண்டாவது.”

சொல்லும்போது துளசிமணிக்குப் பெருமையாக இருந்தது. ஈரோடு, சேலம், தர்மபுரி என்று கடை கடையாக ஏறி இறங்கி விற்றவர் அவர். அவர் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

முதலாளியின் முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“பேங்க்ல லோன் கேட்டிருக்கேன். அடுத்த வருஷம் மூவாயிரம் செஞ்சு குடோன்ல அடுக்கினா, முதல் கணக்குல லாபம் கொட்டுமே?”

“கொட்டுமுங்க.”

“அப்ப நீங்களே மேனேஜரா இருங்க. சம்பளமும் கூட்டித் தர்றேன். செஞ்சிரலாமா?”

துளசிமணி நோட்டை மூடினார்.

“அதுக்கு வேற ஆளைப் பாருங்க.”