நாச்சிமுத்து சிரிக்கும்போது அனுப்பவும்

நாட்டில் மடையர்களுக்குப் பஞ்சம் வந்துவிட்டதாக யாராவது வருத்தப்பட்டால், தாராபுரத்துக்கு ஒரு லாரி அனுப்பச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் டயர் கடை. அதற்கு மேல் மாடியில் மூன்று உருப்படிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஏற்றிவிட நானே கை கொடுக்கிறேன்.

மூன்று பேரும் ஃப்ரீலான்ஸ். அதாவது எவனுக்கும் கைகட்டி நிற்காமல், கேட்டு வருகிறவர்களுக்கு லோகோ, நோட்டீஸ், விசிட்டிங் கார்டு எல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பது. மயில்வாகனன் முதலாளி. தெய்வசிகாமணி படம் போடுவான். குழந்தைவேல் கடிதம் எழுதுவான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, திருத்தம் கேட்டாலும் செய்து தருவார்கள், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அங்கேதான் வினை.

இந்த ஆனி மாதக் கடைசியில் மயில்வாகனனுக்குப் பெண் பார்த்தார்கள். குண்டடத்துப் பக்கம் தேங்காய் நார் மில் வைத்திருக்கும் சென்னியப்பன் மகள் பூங்கோதை. காப்பி கொண்டுவந்த பெண், "கம்ப்யூட்டர்ல வேலைன்னா, கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டது. இவன் பத்து நிமிஷம் யோசித்துவிட்டு, "ஃபேன் இல்லாம வேர்க்கும்ங்க" என்றான். அது வாய்விட்டுச் சிரித்தது. அன்றிலிருந்து பையன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். கட்டினால் அந்தப் பெண்தான், இல்லையென்றால் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவேன் என்று என்னிடமே அழுதான்.

சென்னியப்பன் லேசில் விடுகிற ஆள் இல்லை. "பையன் நல்ல பையன்தான். ஆனா இந்த வேலை எனக்குப் புடிபடலீங்க. ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள புது ஆளு ஒருத்தன் தேடி வந்து வேலை குடுக்கறதை நான் கண்ணால பாக்கோணும். பாத்தா நிச்சயம் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

புது ஆளுக்கு எங்கே போவது? மயில்வாகனனின் பெரியம்மா மகள் திலகவதி கோயமுத்தூரில் வீட்டிலிருந்தே இதே மாதிரி வேலை பார்க்கிற கெட்டிக்காரி. அதற்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டதால் கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது.

"டேய் மயிலு, புதுசா ஆளைத் தேடாதே. ஏற்கெனவே வேலை வாங்கினவங்ககிட்ட சிபாரிசு கேளு. ஒரு மெயில் போதும். ஆனா திருப்தியா இருக்கறவங்களுக்கு மட்டும் போடு. அவங்க சந்தோஷமா இருக்கற நேரமாப் பாத்துப் போடு, ஆறப் போட்டுராதே. அவங்களுக்கு வேலை வைக்காதே. அவங்க மத்தவங்களுக்கு அனுப்ப வேண்டியதையும், அவங்க பேசற மாதிரியே நீயே எழுதிக் குடுத்துரு."

குழந்தைவேல் இதை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டினான். "டேய் மயிலு" என்பதையும் சேர்த்துத்தான்.

இதுவரை வேலை வாங்கியவர்கள் மூன்றே பேர். யார் திருப்தியாக இருக்கிறார்கள் என்று தெரியவேண்டுமே! நேரில் கிளம்பினார்கள். முதலில் அரிசி ஆலை ஆறுமுகம்.

"ஐயா, நீங்க திருப்தியா இருக்கீங்களா?"

"நீங்க போட்ட லோகோ அருமைப்பா. ஆனா மனுசன் எங்க திருப்தியா இருக்கறது? நெல்லு வரத்து இல்ல. பெரியவனும் சின்னவனும் பேசிக்கறதில்ல. முட்டி வேற வலிக்குது."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள்.

"லோகோவுல திருப்தி. முட்டியில திருப்தி இல்ல. இதை எதுல சேக்கறது?" என்றான் தெய்வசிகாமணி.

"அக்கா லோகோன்னு சொல்லலியே. திருப்தின்னுதான சொல்லுச்சு. முட்டியையும் கணக்குல எடுக்கோணும்" என்றான் குழந்தைவேல்.

ஆறுமுகத்தின் பெயரை அடித்துவிட்டார்கள். மூன்று பேரும் உள்ளே போய் அவருடைய முட்டிக்காக வருத்தம் தெரிவித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

அடுத்தது கரடுமேல் மடத்துச் சாமியார். அவருக்குப் பிரதோஷ நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"நமக்கென்ன குறை? பூரண திருப்தி" என்றார் சாமி, கண்ணை மூடிக்கொண்டு.

மூவருக்கும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சவங்க நாலு பேருக்குச் சொல்லுங்க சாமி!"

"தெரிஞ்சவங்க யாரப்பா இருக்கா? எல்லாரையும் விட்டுட்டுத்தானே இங்க வந்தேன். போன் கூட இல்ல."

படி இறங்கும்போது தெய்வசிகாமணி இடிந்துபோய்ச் சொன்னான்: "ஆளுகளைத் தெரிஞ்சவனுக்குத் திருப்தி இல்ல. திருப்தி இருக்கறவனுக்கு ஆளுகளைத் தெரியல. மயிலு, நீ பேசாம பழனிக்கே போயிரு." மயில்வாகனன் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

மிச்சம் பேக்கரி நாச்சிமுத்து. அவர் கடைக்குப் போனபோது பன் அடுக்கிக்கொண்டிருந்தார். திருப்தியா, திருப்தியா என்று பதினோரு தடவை கேட்டதும், "ஆமாய்யா, திருப்தி! போய்த் தொலைங்க!" என்றார். முட்டி வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

இனி மெயில். அவர் நண்பர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை அவர் பேசுகிற மாதிரியே எழுத வேண்டுமல்லவா? குழந்தைவேல் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதினான். அது இப்படி இருந்தது:

"ஏனப்பா, நாந்தான் நாச்சிமுத்து. ரெண்டு பன்னு ஒரு டீ, இவருக்கு மீதி குடுறா. இந்தத் தடிப்பசங்க எனக்கு லோகோ போட்டுக் குடுத்தாங்க. இருமல். நல்லாத்தான் போட்டாங்க. ஈ உக்காருது பாரு, மூடி வைடா. உனக்கும் வேணும்னா இவங்ககிட்டப் போ. இருமல்."

"இருமல் ரெண்டு போதுமா?" என்று மயில்வாகனன் கவலைப்பட்டான்.

"பகல்ல ரெண்டுதான். பனிக்காலம்னா நாலு போட்டிருப்பேன்" என்றான் குழந்தைவேல்.

எழுதியாகிவிட்டது. சந்தோஷமான நேரம் எது? அதற்கு ஒரே வழி, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான். குழந்தைவேல் காலை ஆறு மணிக்கே பேக்கரி பெஞ்சில் போய் உட்கார்ந்து, நாச்சிமுத்துவின் வாயையே பார்க்க ஆரம்பித்தான். போன் காதிலேயே இருந்தது. மறுமுனையில் மயில்வாகனன் மவுஸில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். சாப்பிடும்போது தெய்வசிகாமணி விரல் மாற்றிக்கொடுத்தான்.

ஒரு நாள் ஆச்சு. ரெண்டு நாள் ஆச்சு. நாச்சிமுத்து சிரிக்கிற வழியைக் காணோம். ஒருத்தன் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து உங்கள் வாயையே பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்களா? எனக்கே அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மூன்றாம் நாள் யாரோ வந்து, பார்க் ரோட்டு பேக்கரி சம்பந்தத்தின் போர்டு காற்றில் விழுந்துவிட்டது என்று சொன்னார்கள். சம்பந்தத்துக்கும் நாச்சிமுத்துக்கும் பன்னிரண்டு வருஷப் பகை. நாச்சிமுத்து குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"சிரிச்சுட்டாரு! அனுப்பு! அனுப்பு!" என்று கத்தினான் குழந்தைவேல்.

மெயில் போனது. நாச்சிமுத்துவின் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"நின்னுருச்சு மயிலு! இப்பப் படிக்கக் கூடாதே!"

உடனே இரண்டாவது மெயில் போனது: "மதிப்பிற்குரிய ஐயா, சற்று முன் வந்ததைத் தாங்கள் மறுபடி சிரிக்கும்போது படிக்கவும்."

அவருக்குப் போர்டு ஞாபகம் வந்து மறுபடி சிரித்தார். மறுபடி மெயில். நின்றது. மறுபடி மன்னிப்பு மெயில். பொழுது சாய்வதற்குள் பதினேழு மெயில். பதினெட்டாவது வந்தபோது நாச்சிமுத்து போனைப் பார்த்தார், பெஞ்சில் இருந்த குழந்தைவேலைப் பார்த்தார், பார்க் ரோட்டுப் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கடிதத்தை அப்படியே சம்பந்தத்துக்கு அனுப்பி, கீழே ஒரு வரி சேர்த்தார்: "இவங்க ரொம்ப நல்லவங்க. விட்டுராதீங்க. வீட்டோட வெச்சுக்கங்க."

மறுநாளே சம்பந்தம் என் கடை முன்னால் மொபெட்டை நிறுத்தினார். "பன்னண்டு வருசமா எம் மூஞ்சியில முழிக்காதவன் எழுதியிருக்கான். அப்படி என்ன பெரிய ஆளுகப்பா மேல?" என்று கேட்டுவிட்டு ஏறினார். போர்டும் புதுசாக வேண்டியிருந்ததே அவருக்கு!

மாடியில் ஒரே அமளி. கஸ்டமர் வந்தால் என்ன செய்வது என்று அக்கா சொல்லவே இல்லை. போன் போட்டார்கள்.

"அக்கா, புது ஆளு வந்துட்டாரு! என்ன பண்றது?"

"மொதல்ல உக்கார வைங்கடா!"

உட்கார வைத்தார்கள். எப்போது எழுப்ப வேண்டும் என்று அது சொல்லவில்லை. சம்பந்தம் எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் தெய்வசிகாமணி தோளைப் பிடித்து அமுக்கினான். காலை பத்து மணிக்கு வந்தவர் சாயங்காலம் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தார். அதற்குள் போர்டு, டப்பா, கவர், கேக் பெட்டி எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார். வேறு என்னதான் செய்வார் பாவம்.

தகவல் தெரிந்து அங்கே வந்த சென்னியப்பன், ஒரு பெரிய மனுஷர் பொழுதெல்லாம் தவம் கிடந்து வேலை கொடுப்பதைக் கண்ணால் பார்த்தார். ஆவணி பிறந்ததும் வரும் முதல் வெள்ளிக்கிழமையே நிச்சயம் என்று சொல்லிவிட்டார். மயில்வாகனன் கீழே ஓடிவந்து, கிரீஸ் கையோடு இருந்த என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

பெண் வீட்டில் நிச்சயம். நானும் போயிருந்தேன். தட்டு மாற்றியாயிற்று. பூங்கோதை பச்சைப் பட்டில் தலை குனிந்து நிற்க, சென்னியப்பன் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மாப்ள, எனக்கு மனசு நெறைஞ்சு போச்சுங்க. பூரண திருப்தி. இன்னைக்கு மாதிரி நான் சந்தோசமா இருந்ததே இல்ல."

குழந்தைவேலும் தெய்வசிகாமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் எழுந்து போய்ப் பிடிப்பதற்குள் குழந்தைவேல் போனில் தட்டி முடித்துவிட்டான்.

சென்னியப்பன் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது. மூக்குக்கண்ணாடி இல்லாததால், "என்னன்னு படி கண்ணு" என்று மகளிடம் நீட்டினார். பூங்கோதை சபை நடுவில் படித்தது:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் மாப்பிள்ளையில் தாங்கள் பூரண திருப்தி அடைந்தது கண்டு மகிழ்ச்சி. இதே போன்ற மாப்பிள்ளை தேவைப்படும் நண்பர்கள், உறவினர்கள் இருந்தால் இரண்டு மூன்று பேருக்கு எங்களைச் சிபாரிசு செய்யவும். தங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று கடிதத்தை நாங்களே எழுதியுள்ளோம்: ஏனுங்க, நாந்தான் சென்னியப்பன். இந்த மாப்ளைய நான் எடுத்தேன். சொன்ன தேதிக்கு வந்துட்டாரு. தைரியமா எடுக்கலாம்."

மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெரியப்பா, காது கொஞ்சம் மந்தம், எழுந்து, "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. எப்பக் கெடைக்கும்?" என்றார்.

மயில்வாகனன் பொறுப்பாகப் போனை எடுத்து நாள்காட்டியைப் பார்த்தான். "ஆவணி முடியாதுங்க. ஐப்பசியில வேணா ஒண்ணு பாக்கலாம்."

சென்னியப்பன் செருப்பைத் தேடி வாசலுக்குப் போனார். அதற்குள் பூங்கோதை வந்து மயில்வாகனன் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டது. சிரிப்பை அடக்கி அடக்கி முகமெல்லாம் சிவந்திருந்தது அதற்கு.

"அப்பாவுக்குத் திருப்தின்னா அது அவரோடது. எனக்குத் திருப்தி இல்லீங்க. இவர்கிட்டத் திருத்தம் நெறைய இருக்குது. அதெல்லாம் நான் பண்ணி முடிக்கற வரைக்கும் வேற ஆர்டர் ஒண்ணும் எடுக்கக் கூடாது. ஆயுசுக்கும் ஆனாலும் சரி."

மயில்வாகனன் சந்தோஷத்தில் வேகவேகமாகத் தலையாட்டிச் சிரித்தான். சென்னியப்பன்கூடக் கையில் செருப்போடு நின்று மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

தெய்வசிகாமணிதான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"எவ்வளவு வேணா திருத்துங்கம்மிணி. ஆனா இப்பவே சொல்லிப்போடறேன், மூணு திருத்தம் வரைக்கும்தான் ஃப்ரீ."