நீளமான லென்ஸ்

முதலில் தன் உதவியாளர் செங்கமலத்தின் ஞாயிறு விடுமுறையைப் பறித்தார் ஸ்டூடியோ முதலாளி ஆளவந்தார். பிறகு அவள் நாற்காலியைப் பறித்தார். கடைசியில் அவள் எடுத்த படத்தையே தன் பெயரில் போட்டிக்கு அனுப்பி, பரிசு வாங்க மேடையும் ஏறிவிட்டார். மூடிய வேனுக்குள் மில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் படம் அது.

“அது என் படம்!” என்று எழுந்தாள் செங்கமலம்.

“நிரூபி, பார்க்கலாம்!” என்றார் ஆளவந்தார்.

அவள் மேடையேறி, பையிலிருந்து இரண்டு லென்ஸ்களை எடுத்து மேசையில் வைத்தாள். “கலைஞரய்யா, எதுல எடுத்தீங்க?”

பெரிய மனிதர் குட்டையானதைத் தொடுவாரா? முழ நீள லென்ஸைத் தூக்கிக் காட்டினார்.

“அதுல இத்தனை பேரும் படத்துக்குள்ள விழணும்னா தெருக்கோடியில நிக்கணுமே! வேன் கதவு மூடியிருக்கு. தகரத்தைத் துளைச்சா பார்த்தீங்க? நான் குட்டை லென்ஸோட உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.”

அரங்கம் சிரித்து முடிக்கும்வரை நடுவர் காத்திருந்தார். பிறகு சான்றிதழில் பெயரை அடித்துத் திருத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: “மு. செங்கமலம்.”