மூன்று விசிறி, ஒரு முகூர்த்தம்

இந்தப் புதிரை விடுவிக்கக் காகிதமும் பென்சிலும் வேண்டாம். காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் போதும். தணிகைவேலுக்கு அந்தப் பொறுமைதான் அடியோடு தீர்ந்துபோயிருந்தது.

உப்பங்கழிக்கு நடுவே இருக்கும் நடுத்திட்டு கிராமத்துக்கு அவனுடைய மிதவைப் படகுதான் பஸ், லாரி எல்லாம். இரண்டு நீளமான இரும்புக் குழாய்களின் மேல் பலகை அடித்து, கூரை போட்டு, பின்னால் மோட்டார் மாட்டிய படகு. நிதானமாகப் போகும் என்பான் அவன். ஊரார் சொல்வதை இங்கே எழுத முடியாது.

தங்கை மகள் சுகந்தியின் நிச்சயதார்த்தத்தன்று வந்தது வினை. ஊரே ஏறிக்கொள்ள, மோட்டார் முக்கி முனகி, கரும்புகை கக்கி, அக்கரை சேர்வதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா சபையிலேயே சொல்லிவிட்டார்: "கல்யாணத்துக்கும் இப்படித்தான் வருவீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க வேற இடம் பாத்துக்கறோம்." சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். தாய்மாமனுக்கு அது பொறுக்கவில்லை. கல்யாணமும் அக்கரை மண்டபத்தில்தான், அதுவும் காலை முகூர்த்தம்.

மோட்டாரை மாற்ற வழியில்லை. தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிற விசிறியை மாற்றினால் வேகம் கூடும் என்றார்கள். சரி, எந்த விசிறி? அங்கேதான் பிடித்தது சனி.

பெண்ணின் அப்பா தெய்வநாயகம் நாலு இதழ் விசிறியோடு வந்து நின்றார். இதழ்கள் அகலம், சாய்வு குறைவு. ஏன் இது என்று கேட்டதற்கு, "சுபகாரியத்துக்கு மூணு ஆகாது மச்சான். அதான் நாலு" என்றார்.

"மோட்டாருக்குமா சாஸ்திரம்?" என்று தணிகைவேல் தலையில் அடித்துக்கொண்டான்.

மெக்கானிக் ஜெகநாதன் கொண்டுவந்தது மூன்று இதழ், சாய்வு அதிகம். "இதழ் எவ்வளவு சாயுதோ, ஒரு சுத்துக்கு அவ்வளவு தூரம் தள்ளும். சாய்வு கூடினா வேகம் கூடும். இதுல என்னண்ணே யோசனை?"

சுகந்தியின் சித்தப்பா ரகுபதி சென்னையிலிருந்து கொண்டுவந்ததோ பளபளவென்று எவர்சில்வர் மாதிரி மின்னியது. அதுவும் மூன்று இதழ். சாய்வு எல்லாவற்றையும்விட அதிகம். "ஸ்பீடு போட்டுல மாட்டறது. பறக்கும் பாருங்க!"

மூன்றையும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. நடுத்திட்டில் எதையும் வெள்ளோட்டம் விடாமல் ஓட்டமாட்டார்கள். முதல் நாள் நாலு இதழ். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மேளம் கொட்டி, ஊரே ஏறியது. ஏறாமல் நின்றால் சொந்தத்துக்குள் குறையாகிவிடுமாம். ஒருவர் ஆட்டுக்குட்டியையும் தூக்கிக்கொண்டு ஏறினார். தணிகைவேல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். மோட்டார் புகையில்லாமல் வாய்விட்டுப் பாடியது. நிச்சயத்தன்று ஆனதைவிடச் சீக்கிரமே அக்கரை சேர்ந்தார்கள். ஆனாலும் "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.

இரண்டாம் நாள் ஜெகநாதனின் விசிறி. "நேத்துதான் ஏறினோமே" என்று பாதிப் பேர் வரவில்லை. மோட்டார் லேசாக முனகியது, கொஞ்சம் புகைந்தது. முதல் நாளைவிட ஒரு வெற்றிலை போடுகிற நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

மூன்றாம் நாள் ரகுபதியின் விசிறி. சூடம் காட்டக்கூட ஆளில்லை. படகில் ரகுபதியும் தணிகைவேலும் மட்டும். மோட்டார் தொண்டை அடைத்ததுபோல் கடைசிவரை உறுமிக்கொண்டே வந்தது. ஆனால் மற்ற இரண்டையும்விட வெகு சீக்கிரம் அக்கரை தொட்டது. மூன்று நாளும் காற்றிலும் தண்ணீரிலும் வித்தியாசம் இல்லை.

"பாத்தீங்களா!" என்று ரகுபதி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான். வெள்ளோட்டத்துக்கு எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் பளபளப்பு விசிறிக்கே ஓட்டுப் போட்டார்கள். தெய்வநாயகம் மூணு ஆகாது என்றார். ஜெகநாதன் நடுவில் இருப்பதுதான் நல்லது என்றான். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் வரை இதே கூச்சல்.

"எல்லாரும் சித்த நேரம் சும்மா இருக்கீங்களா?" என்று கத்தினான் தணிகைவேல்.

சுகந்தி மட்டும் பக்கத்தில் வந்தாள். "மாமா, கட்டில் பீரோவெல்லாம் இதுலதான் வரணும். ஊர்ல ஒருத்தரைக்கூட விட்டுட்டு வந்துடாத. அன்னைக்கு என்னோட தலைகுனிஞ்சவங்க அவங்கதான்."

இன்னொரு வெள்ளோட்டத்துக்கு நேரமில்லை. விடிந்தால் படகு ஒரே ஒரு தடவைதான் போகும். முகூர்த்தம் தவறினால் சம்பந்தம் போச்சு. மூன்று பேரில் யார் விசிறியைத் தணிகைவேல் மாட்டவேண்டும்? ஏன்? மேலே படிக்காமல் யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: தெய்வநாயகத்தின் நாலு இதழ்தான். மூன்று நாளும் விசிறி மட்டுமா மாறியது? பாரமும் மாறியதே! ரகுபதியின் விசிறி ஓடியது காலிப் படகில். சாய்வு கூடினால் சுற்றப் பலமும் கூட வேண்டும்; அப்போதே மோட்டாரால் அதை இஷ்டம்போல் சுற்ற முடியவில்லை. ஊரும் பீரோவும் ஏறினால் நிச்சயத்தன்று பட்ட பாடுதான். பாதிப் பாரத்துக்கே முனகிய ஜெகநாதனின் விசிறியும் அப்படித்தான். ஊரையே சுமந்துகொண்டு ஓடிக் காட்டியது நாலு இதழ் ஒன்றே. மோட்டார் அன்றுதான் முழு மூச்சில் சுற்றியது. ஆக, தெய்வநாயகம் வாங்கியது சரி, சொன்ன காரணம் சுத்தப் பேத்தல். தணிகைவேல் அதைத்தான் மாட்டினான். ஆட்டுக்குட்டிக்காரர் உட்பட ஊரே நேரத்தோடு மண்டபம் சேர்ந்தது. கெட்டிமேளம் கொட்ட, தாலியில் மூன்றாவது முடிச்சு விழுகிற நேரம் பார்த்துத் தெய்வநாயகம் மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கம் சாய்ந்து, "சுபகாரியத்துக்கு மூணு ஆகாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன் சம்பந்தி" என்றார். தணிகைவேல் வாயைத் திறந்தான். மணையிலிருந்து சுகந்தி, வேண்டாம் மாமா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நிமிர்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த வார்த்தையை விழுங்கி, கையிலிருந்த அட்சதையைத் தூவினான்.