சுவரோரத் தட்டு

குன்றின் மேலிருந்த பெண்கள் கல்விக்கூடத்தில் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். தன் தட்டில் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. போடு என்று கேட்கவும் கூடாது. அவரவர் தன் வலப்பக்கத்தில் இருப்பவளின் தட்டைப் பார்த்துப் பரிமாறிவிட்டு, பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்த வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவள் வலது கோடியில் உட்காருவாள். வருஷம் ஏற ஏற இடப்பக்கம் நகர்ந்து வருவாள். இடது கோடியில், சுவரை ஒட்டி, ஆசிரியை நல்லம்மை உட்காருவார். எல்லாருக்கும் அவர் அம்மை. அங்கேயே படித்தவர். தன் ஆசிரியை இறந்தபோது, சின்ன வயதிலேயே அந்த இடத்துக்கு வந்தவர்.

சுடர்க்கொடி கடைசி வருஷம் முழுவதும் அம்மைக்கு அடுத்து உட்கார்ந்தவள். பட்டம் வாங்கிக்கொண்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்துக்கு வேலைக்குப் போனாள். வைகாசியில் போனவள், ஆடி முடிவதற்குள் பெட்டியோடு திரும்பி வந்து நின்றாள். வெறும் வயிற்றோடு அந்த வெயிலில் குன்றேறியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

அம்மை கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார்.

"லீவா?"

"இல்ல அம்மை. இங்கேயே இருந்துடறேன். கூட்டுறேன், துடைக்கிறேன், எதுன்னாலும் செய்றேன். வேலைக்கு வரலைன்னு நாளைக்குப் போன்ல சொல்லிடுவேன்."

"யாராவது திட்டினாங்களா?"

"திட்டினாக்கூடப் பரவாயில்லையே. என்னை யாரும் பார்க்கவே இல்லை."

"சொல்லு."

"ரூம்ல ரெஜினா அக்கான்னு ஒருத்தங்க, நாகர்கோவில்காரங்க. சேர்ந்துதான் சமைப்போம். முதல் நாள் தட்டை முன்னால வச்சுட்டு உட்கார்ந்தேன். அவங்க போட்டுக்கிட்டு, கட்டில்ல ஏறி உட்கார்ந்து சாப்பிட்டுட்டு, குக்கரைக் கழுவக் கொண்டு போயிட்டாங்க."

"நீ?"

"உட்கார்ந்திருந்தேன்."

"அவ ஒண்ணும் கேக்கலையா?"

"ஏட்டி, சாமி வந்து ஊட்டி விடும்னு இருக்கியான்னாங்க."

அம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க அம்மை. கை போகவே மாட்டேங்குது. கரண்டியைத் தொட்டாத் திருடற மாதிரி இருக்கு. அவங்க வெளியே போனப்புறம் மிச்சம் இருந்தா அள்ளித் தின்பேன். ஆபீஸ்லயும் இதே கதைதான். செஞ்சது சரியா தப்பான்னு சொல்ல ஆள் இல்ல. காய்ச்சல்னு படுத்தா நெத்தியில கை வைக்க ஆள் இல்ல. போன வாரம் எங்க ரூமுக்குக் கமலின்னு ஒரு பொண்ணு புதுசா வந்திருக்கா. அவளும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கா. மூணு பேரு, மூணு மூலை. இங்கே ஒரு நாளாவது நான் கேட்டிருக்கேனா? ஒரு நாளாவது பசிச்சிருக்கா?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"கீரை வேகட்டும். சாப்பிட்டுட்டுப் பேசலாம்," என்றார் அம்மை.

மணி அடித்தது. சுடர்க்கொடி தன் பழைய இடத்துக்குப் போனாள். அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். வலது கோடிக்கு நடந்தாள்.

"அங்கே உனக்கு இடமில்லை," என்றார் அம்மை. தன் தடுக்கிலிருந்து எழுந்தார். "இங்கே உட்கார்."

"அது உங்க இடம் அம்மை."

"உட்காருடி. பிள்ளைங்க பசியோட இருக்கு."

அவள் உட்கார்ந்தாள். அவளுக்கு வலப்பக்கம் அம்மை உட்கார்ந்தார். வரிசை கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

சோற்றுப் பாத்திரம் சுடர்க்கொடியின் முன்னால் வந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினாள். சுவர். அம்மையின் தோள் பட்டுப் பட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்திருந்தது.

கோடியில் யாருடைய வயிறோ சத்தம் போட்டது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சோற்றின் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

அம்மை தன் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சுடர்க்கொடிக்கு உறைத்தது. பதறிப்போய் அகப்பையை எடுத்து அம்மைக்குச் சோறு போட்டாள். பாத்திரம் நகர்ந்தது. கீரை வந்தது, குழம்பு வந்தது, ரசம் வந்தது. அம்மை பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை மாதிரி சாப்பிட்டார். பாத்திரம் மறுசுற்று வந்தபோது, தட்டு காலியாவதைப் பார்த்துச் சுடர்க்கொடி மறுபடியும் போட்டாள்.

அவளுடைய தட்டு கழுவி வைத்தபடியே இருந்தது.

ஒரு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அம்மையின் தட்டில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

"அம்மை, இத்தனை வருஷமா உங்களுக்கு யார் போட்டாங்க?"

"இந்தப் பக்கம் யார் இருக்கா, போடறதுக்கு?"

"அப்போ சாப்பாடு?"

"எல்லாரும் எழுந்து போனப்புறம் அடுக்களையில நானே போட்டுச் சாப்பிடுவேன். நீ என்ன, பட்டினி கிடந்தேன்னா நினைச்சே?"

"நான் நினைச்சே பார்க்கல அம்மை."

"நானும் எங்க டீச்சர் இருந்த வரைக்கும் நினைக்கல. முதல் நாள் இந்தச் சுவரைப் பார்த்துட்டு, மூக்கைச் சிந்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

வரிசை எழுந்தது. அம்மை அவளை அடுக்களைக்குக் கூட்டிப்போனார். சட்டியின் அடியில் கீரை இருந்தது.

"போட்டுக்கோ."

சுடர்க்கொடி கரண்டியை எடுத்தாள். வைத்தாள். அம்மை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மறுபடியும் எடுத்துத் தன் தட்டில் தானே போட்டுக்கொண்டாள். சோறு ஆறிப்போயிருந்தது. இரண்டு வாய் உண்டதும் கண் நிறைந்துவிட்டது. அப்படியே குனிந்து, எச்சில் கையோடு அம்மையின் காலைத் தொடப் போனாள்.

"சேலையில கீரை ஒட்டும். தள்ளி இருந்து சாப்பிடு," என்றார் அம்மை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எத்தனையோ நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் நான் சூடாச் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு."

சுடர்க்கொடி நிமிர்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"அப்போ நான் இங்கேயே இருந்துடறேன் அம்மை. தினமும் உங்களுக்குச் சூடாப் போடறேன்."

அம்மை ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு அவள் பக்கத்தில் வைத்தார்.

"ரூமுக்குப் புதுசா வந்த அந்தப் பொண்ணு, பேரு என்ன சொன்னே?"

"கமலி."

"அவ சாப்பிட்டாளா?"

சுடர்க்கொடி கதவோரம் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.