பீரோவில் இருந்த காது

எப்சிபா டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள்ள வந்த தவசிக்கனிக்கு ஐம்பத்தாறு.

தவசிக்கனி கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஆபீஸை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த டீச்சரின் கடைக்கு வந்து சேர்ந்தார். எப்சிபா முன்பு ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் பாடம் எடுத்தவர். அதனால் ஊருக்கே அவர் டீச்சர். தவசிக்கனியை அவர் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

முதல் நாளே தவசிக்கனி ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், ஒரு சாமான் கெடாம இருக்கணும்னா என்ன செய்யணும்?"

டீச்சர் அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். கண்ணாடி மேல் ஒட்டுத்தாள், அதற்கு மேல் ரப்பர் கவர், அதற்கு மேல் தோல் உறை, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பாலிதீன் பை.

"இதுல உங்களுக்கு நான் என்ன அண்ணாச்சி சொல்லித் தர?"

தவசிக்கனிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாவம், அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அவர் பெருமைப்பட்டதிலும் நியாயம் இருந்தது. அவர் பார்த்த குடோனில் ஒரு பண்டல் தீப்பெட்டிகூட நமத்துப்போனதில்லை. ஈரம் படக்கூடாது, வெயில் படக்கூடாது, கை படவே கூடாது. அந்தச் சட்டத்தையே அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். டிவி ரிமோட் பாலிதீன் உறைக்குள் இருந்தது. மிக்ஸியில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரை இன்னும் உரிக்கவில்லை. வாஷிங் மெஷின் பூப்போட்ட துணிக்கு அடியில் புத்தம் புதுசாக நிற்க, அவர் மனைவி பொன்னுத்தாய் துணியைக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு போன் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"மகன் குவைத்துலருந்து அனுப்புனது. ரெண்டு வருஷமா பிரிக்கவே இல்ல. நேத்து எடுத்தா உசுரே வரல."

டீச்சர் பின்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது.

"ஒரு நாள்கூட ஓட்டலியே டீச்சர்!"

"ஓட்டாததுதாங்க்கா வினை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கணும். சும்மா போட்டு வச்சா அது பாட்டுக்குச் செத்துரும்."

தவசிக்கனி கையிலிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்தது. தேடி எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எல்லா மெஷினும் அப்படித்தானா டீச்சர்?"

"எந்த மெஷினைக் கேக்கீங்க அண்ணாச்சி?"

"சும்மாதான் கேட்டேன்" என்றார். தலைவலி என்று சொல்லி மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

சும்மா கேட்கவில்லை. அவர் வீட்டு பீரோவில் ஒரு காது மெஷின் இருந்தது.

பொன்னுத்தாய்க்கு நாற்பத்தைந்து வயதிலேயே காது மந்தமாகத் தொடங்கியது. மகள் சங்கரி ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் போனஸில் அம்மாவுக்கு அந்த மெஷினை வாங்கினாள். தவசிக்கனியும் கூடப் போக, திருநெல்வேலியில் டாக்டர் மாட்டிவிட்டார். சங்கரி பின்னால் போய் நின்றுகொண்டு, "அம்மா, பசிக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"பசிக்கு" என்றாள் பொன்னுத்தாய், திரும்பாமலே. மூன்று பேரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "கண்டக்டர் விசில் அடிக்காரு", "முன் சீட்டுல பிள்ள அழுது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் தவசிக்கனி கையை நீட்டினார்.

"கழட்டு. அடுப்படி ஆவி பட்டா போச்சு. எங்கயாச்சும் போகும்போது போட்டுக்கிடலாம்."

கழற்றிக் கொடுத்தாள். அந்த இடத்தில் யாராவது அவரை ஓங்கி ஒரு அறை அறைந்திருக்கலாம். யாரும் இல்லை. சங்கரி திருநெல்வேலியிலிருந்தே ஓசூர் பஸ்ஸில் ஏறிப் போயிருந்தாள்.

இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு சடங்கு வீட்டுக்கும் மாட்டிப் போனாள். பிறகு கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று அதுவும் நின்றது. ஆறு வருஷம் ஆயிற்று. மாதம் பிறந்தால் தவசிக்கனி பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியால் மெஷினைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றி வைப்பார். அதில் ஒரு மாதம் தவறியதில்லை. வீட்டில் பேச்சு குறைந்து குறைந்து சாடையில் வந்து நின்றது. சாப்பிட ஒரு சாடை, படுக்க ஒரு சாடை. சங்கரி போனில் கேட்டால், "அம்மா நல்லா இருக்கா" என்று இவரே சொல்லி வைத்துவிடுவார்.

தலைவலி என்று கிளம்பிய அன்று மத்தியானம் புது பேட்டரி வாங்கிப் போட்டு, அவரே பொன்னுத்தாய் காதில் மாட்டிவிட்டார்.

"பொன்னுத்தாயி."

அவள் திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். "என்னமோ தகரத்தத் தட்டுன மாதிரி இருக்கு."

"நான்தாம்ட்டி பேசுதேன்."

அவள் அவர் வாயையே பார்த்தாள். "சத்தம் வருது. பேச்சு வரல."

எதிரே உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னார். அவளும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முயன்றாள். விளக்கு வைக்கிற நேரம் வரை அப்படியே போனது. கடைசியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க கொரலு இப்படியா இருந்திச்சு?" என்றாள்.

மெஷினைக் கழற்றினாள். மஞ்சள் துணியால் துடைத்தாள். பெட்டியில் வைத்து பீரோவுக்குள் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தாள். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் படிந்திருந்தது.

மறுநாள் தவசிக்கனி பெட்டியை டீச்சரின் மேஜையில் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னார்.

"கெட்டுப்போச்சு டீச்சர். அந்தக் குவைத்து போன் மாதிரியே கெட்டுப்போச்சு. நீங்கதான் பாக்கணும்."

"இது என் வேலை இல்லையே அண்ணாச்சி. திருநெல்வேலி டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"காலையிலயே போன் போட்டேன். அந்த மனுஷன் மெஷினப் பத்திப் பேசவே இல்ல. எத்தன வருஷமா மாட்டலன்னு கேட்டாரு."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். ரொம்ப நாளு காதுல பேச்சு விழாமப் போனா, பொறவு சத்தம் விழுந்தாலும் மூளைக்குப் பிடிபடாதுன்னாரு. கூட்டிட்டு வாங்க, பழக்கிப் பாக்கலாம், எம்புட்டு வரும்னு சொல்ல முடியாதுங்காரு. மெஷின்தான் கெட்டிருக்குன்னு தலபாடா அடிச்சிக்கிடுதேன், கேக்க மாட்டேங்காரு." தவசிக்கனி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மெஷின்ல கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். எனக்கு அது போதும்."

டீச்சர் மேஜை விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். மெஷினை லென்சுக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேட்டரியை எடுத்து மீட்டரில் வைத்தார். பிறகு மெஷினை ஸ்பிரிட்டால் துடைத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, உள் ரூமுக்குப் போங்க. சுவரப் பாத்து நின்னு ஏதாச்சும் பேசுங்க. சத்தம் வேண்டாம், முணுமுணுத்தாப் போதும்."

"என்ன பேச?"

"நேத்து அவங்ககிட்ட என்ன சொல்ல நெனச்சீங்களோ, அத."

தவசிக்கனி உள்ளே போனார். பழைய போன் பெட்டிகள் அடுக்கிய சுவருக்கு முன்னால் நின்றார். பிறகு அவர் உதடு அசைந்தது. சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கேட்டுச்சா டீச்சர்?"

"கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"'அன்னைக்கு நான் கழட்டச் சொல்லியிருக்கக் கூடாது'ன்னீங்க. கொஞ்சம் நிறுத்தி, 'தாயி'ன்னீங்க."

வெளியே ஒரு பஸ் கிளம்பிப் போனது. கண்டக்டர் விசில் அடித்தார்.

"அப்ப மெஷின் கெடலையா?"

டீச்சர் மெஷினைக் காதிலிருந்து எடுத்தார். மஞ்சள் துணியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பெட்டியில் வைத்து மூடி, இரண்டு கையாலும் தவசிக்கனியிடம் கொடுத்தார்.

"இதுல ஒரு கீறல்கூட இல்ல அண்ணாச்சி. அம்புட்டு நல்லா வச்சிருக்கீங்க. இன்னும் பத்து வருஷம் உழைக்கும்."